இடது கார்னரில் எஸ்தர்

எதிரே பாடி வருகிறவளை அவள் பார்க்கவே இல்லை. அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது.

ஆம்பூரில் ஒரு கல்லூரி மைதானம். தை மாதம், மதியச் சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் கண் சொக்குகிற நேரம். கல்லூரிப் பெண்களுக்கான கபடிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. நான் வேப்ப மரத்தடியில் இரும்பு நாற்காலியில், மடியில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இடது கார்னரில் நின்ற பெண் ஒல்லியாக இருந்தாள். முழங்காலை மடக்கி, தலையை வலது தோள் பக்கம் லேசாகச் சாய்த்து, தன் கால் கட்டைவிரலுக்கு முன்னால் இருந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதை ஒட்டுக் கேட்கிறவளைப் போல.

எதிரணிப் பெண் நல்ல உயரம். 'கபடி, கபடி' என்று பாடிக்கொண்டே வந்து வலது பக்கம் போக்குக் காட்டினாள், பின்வாங்கினாள், மறுபடி வந்தாள். கால் நீட்டித் தொடப் போகிறாள் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றியிருக்காது. அதற்குள் ஒல்லிப் பெண் குனிந்துவிட்டாள். கால் வந்து சேர்ந்தபோது கை அங்கே ஏற்கெனவே இருந்தது.

கணுக்காலைப் பிடித்தாள். அவ்வளவுதான். பாட்டு நின்றுவிட்டது.

யாரும் கைதட்டவில்லை. அவளுடைய அணியில் இருந்தவர்கள்கூட வந்து தோளில் தட்டவில்லை. பிடிபட்ட பெண் எழுந்து வெளியே போய், முதல் வேலையாகக் கணுக்காலைத் தண்ணீர் விட்டுக் கழுவினாள். மண் போவதற்காக அப்படிக் கழுவமாட்டார்கள்.

ஆள் பார்க்கப் போன கதை

சென்ற இதழில் என் முழங்கால் போன கதையைப் படித்துவிட்டு, "அதற்கப்புறம் ஆட்டத்தை விட்டுவிட்டீர்களா?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஆட்டம் விட்டது. ஆட்டத்தோடு இருந்த உறவு விடவில்லை.

அரசு சார்ந்த ஒரு நிறுவனத்தில், விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. கணியம்பாடிப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் போய் மேசை நாற்காலியில் உட்கார்ந்ததற்குக் காரணம் நான் ஒரு காலத்தில் நல்ல கார்னர் என்பது மட்டும்தான். முழங்கால் போன பிறகு, எங்கள் பெண்கள் அணிக்குப் புது ஆட்களைப் பார்த்து எழுதிக் கொடுக்கும் வேலையைத் தந்தார்கள். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது.

பாடிப் போகிற ரெய்டரை மதிப்பிடுவது சுலபம். எத்தனை பேரைத் தொட்டாள், திரும்பி வந்தாளா, பார்த்தால் தெரிந்துவிடும். கார்னர் அப்படியில்லை. மூலையில் நிற்கிறவள் நாள் முழுக்கக் காத்திருப்பாள். கோட்டுக்கு வெளியே கால் போகக்கூடாது, அவசரப்பட்டு விழக்கூடாது, விழுந்தால் விடக்கூடாது. ஒரு பிடியை வைத்து அவளைக் கணக்கிட முடியாது. பிடிக்காத நேரத்தில் என்ன செய்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

என் படிவத்தில் கால் வேகம், பிடியின் பலம், கோட்டு நினைவு, பக்கத்து ஆளோடு ஒத்துழைப்பு என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். கடைசிக் கட்டம், முக்கியமான நேரத்தில் துணிவு.

அந்த ஒல்லிப் பெண் எஸ்தருக்கு அன்றைக்கே பாதிக் கட்டங்களை நிரப்பிவிட்டேன். ஒத்துழைப்பு என்ற கட்டத்தில் மட்டும் பேனா நின்றது. அவளுடைய கையைக் கோத்துக்கொள்ள வேண்டிய பக்கத்துப் பெண் விரல் நுனியை மட்டுமே கொடுத்திருந்தாள்.

ஆட்டம் முடிந்ததும் அந்தக் கல்லூரியின் விளையாட்டு ஆசிரியை கிரேஸ் மேடம் என்னைத் தனியாக அழைத்துப் போனார். நல்ல மனுஷி. இந்தப் பெண்ணை எப்படியாவது சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டார். விடுதியில் மூன்று அறை மாற்றியாகிவிட்டதாம். அவளோடு ஒரே அறையில் படுக்க யாருக்கும் தைரியமில்லையாம்.

"இன்னா பண்றா?"

"ஒண்ணும் பண்ணலம்மா. கேக்கறா."



மின்விசிறியை நிறுத்திய வீடு

பிறந்த தேதி, சாதிச் சான்றிதழ், வீட்டாரின் சம்மதம் எல்லாம் வேண்டியிருந்தது. மறுநாள் எஸ்தரோடு பேருந்தேறிப் பேரணாம்பட்டு போனேன். வழியெல்லாம் ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தாள். காற்றின் இரைச்சலில் பேச முடியவில்லை. பேச்சு வேண்டாமென்றுதான் திறந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளுடைய அம்மா முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே என்னோடு பேசினார். எஸ்தரின் அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை. நெஞ்சு கெட்டு, ஐந்து வருஷம் கட்டிலில் கிடந்து போனவர். அம்மாவுக்குக் கை வேலையை விட முடியாது. அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பா பக்கத்தில் உட்காருவது எஸ்தரின் வேலை. மூச்சு தடுக்கும்போது தூக்கி உட்கார வைத்து முதுகைத் தேய்க்க வேண்டும். தடுத்த பிறகு தூக்கினால் தாமதம். தடுப்பதற்கு முன்பே தூக்கக் கற்றுக்கொண்டாள்.

"முன்னாடியே எப்படித் தெரியும்?" என்று எஸ்தரைக் கேட்டேன்.

"நிக்கப்போற மூச்சு வேற மாதிரி இருக்கும்கா. உள்ள போறப்பவே தெரியும்."

அப்போதுதான் எனக்கு அவளுடைய கபடி புரிந்தது. பாடி வருகிறவள் காலை நீட்டுவதற்கு முன் பாட்டை ஒரு கணம் இறுக்கிக்கொள்வாள். உடம்பு எம்புவதற்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ளும். எங்கள் காதுக்கு அது கேட்காது. இவளுக்குக் கேட்டது. கண்ணால் பார்த்தால் போக்குக் காட்டி ஏமாற்றலாம். மூச்சு போக்குக் காட்டாது.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இப்படி ஒரு கார்னரை நான் பார்த்ததில்லை. மனசுக்குள் படிவத்தை முழுக்க நிரப்பிவிட்டேன்.

அந்த நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். செருப்பில்லாத கால். உள்ளே வரவில்லை. எஸ்தர் அவரைப் பார்த்ததும் எழுந்து பின்கட்டுக்குப் போகப் பார்த்தாள். அம்மா பீடியிலிருந்து கண்ணெடுக்காமல், போய்ட்டு வந்துடு, கேட்டு வந்தவங்களை நிக்க வைக்காத, என்றார்.

நானும் கூடப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. போகாமல் இருந்திருக்கலாம்.

இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு. அந்தப் பெண்ணின் கணவர் வரதன் தரையில் பாயில் படுத்திருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். சுற்றி உறவினர்கள் சுவரோடு ஒட்டி நின்றிருந்தார்கள். எஸ்தர் உள்ளே காலெடுத்து வைத்ததும் யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். வரதனின் மனைவி, யாரும் சொல்லாமலே, மின்விசிறியின் சுவிட்சைத் தட்டி அணைத்தார்.

விசிறி சுற்றி நிற்கும் வரைக்கும் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எஸ்தர் அவருடைய கால்மாட்டில் மண்டியிட்டு, தலையை வலது தோள் பக்கம் சாய்த்துத் தரையைப் பார்த்தாள். மைதானத்தில் நின்ற அதே நிலை. வெளியே ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போயிற்று. அந்த அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம், ஒரே ஒருவருடைய மூச்சுதான் கேட்டது.

வியர்வை என் முதுகில் இறங்கியது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

எஸ்தர் எழுந்தாள். "பெங்களூர்ல இருக்கற அண்ணனுக்கு போன் போட்டுடுங்க அத்தே," என்றாள்.

"இன்னிக்கேவா?"

"நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் இருக்கும்."

அந்த அம்மா அழவில்லை. தலையாட்டிவிட்டு விசிறியைப் போட்டார்.

திரும்பி வரும்போது தெருவில் ஒரு பெண் கைக்குழந்தையோடு நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினார். எஸ்தர் அதைப் பார்த்தாள். தெருவின் அந்தப் பக்கத்துக்கு மாறி நடந்தாள்.

உன் அப்பா போகும்போது பக்கத்தில் இருந்தாயா என்று கேட்டேன். இல்லை, பத்தாவது பரீட்சை எழுதப் போயிருந்தேன் என்றாள். கேள்விகள் சுலபமாக இருந்தன என்றும் சொன்னாள்.

கோமதி பாடி வந்த மூன்று முறை

அதற்கு மூன்றாம் நாள் வேலூரில் ஒரு பள்ளி மைதானத்தில் கடைசித் தேர்வு. சென்னையிலிருந்து எங்கள் பயிற்சியாளர் மாணிக்கம் சார் வந்திருந்தார். கார்னரைச் சோதிப்பதற்காக எங்கள் அணியின் ரெய்டர்களையும் கூட்டி வந்திருந்தார். அதில் ஒருத்தி கோமதி.

கோமதி எங்கள் அணியின் உயிர். நானும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே விடுதி, ஒரே அறை. அவள் பாட ஆரம்பித்தால் எதிரணி இரண்டடி பின்னால் போகும். பிடித்தவர்களை இழுத்துக்கொண்டே நடுக்கோட்டுக்கு வந்துவிடுவாள்.

எஸ்தரை ஓரமாக அழைத்து, வரதனைப் பற்றி விசாரித்தேன். முந்தாநாள் சாயங்காலம் போய்விட்டார் என்றாள். பையன் வந்து சேர்ந்துவிட்டானாம்.

ஆட்டம் தொடங்கியது. முதலில் வந்த இரண்டு ரெய்டர்களையும் எஸ்தர் ஆளுக்கு மூன்று முறை பிடித்தாள். மாணிக்கம் சார் என்னைத் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவர் அப்படி யாருக்கும் செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு கோமதி பாடி வந்தாள்.

எஸ்தர் வழக்கம்போலத் தலையைச் சாய்த்தாள். கோமதி இரண்டு எட்டு உள்ளே வந்ததும் எஸ்தரின் தலை நிமிர்ந்தது. அன்றுதான் முதல்முறையாக அவள் ஒரு ரெய்டரின் முகத்தைப் பார்த்தாள். கோமதி கால் நீட்டினாள். எஸ்தரின் கை சரியான நேரத்தில் சரியான இடத்துக்குப் போனது. கணுக்காலைத் தொட்டது. விரல்கள் மூடவில்லை.

கோமதி தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டாள்.

இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை எஸ்தர் குனியவே இல்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, போங்கள் என்று வழிவிடுகிறவளைப் போல நின்றாள். கோமதி அவள் தோளைத் தட்டிவிட்டுச் சிரித்தபடி நடுக்கோட்டுக்கு வந்தாள்.

மாணிக்கம் சார் விசிலை வாயிலிருந்து எடுத்தார். பெரிய ஆள் வந்தால் கை நடுங்குகிறது, இது உள்ளூர் ஆட்டத்துக்குத்தான் சரி என்று என்னிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

எஸ்தர் தண்ணீர்க் குழாய் அருகில் நின்றாள். கோபத்தோடுதான் போய்க் கேட்டேன். அவள் கோமதி தூரத்தில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அந்தக்கா மூச்சுல ஒரு படி காணோம்கா."

"என்ன படி?"

"ஏர்றப்போ ஒரு படி இல்ல. தாண்டித் தாண்டிப் போவுது. எங்கப்பாவுக்கு வேற மாதிரி, இது வேற மாதிரி. நான் புடிச்சி, மேல நாலு பேரு வுழுந்தாங்கன்னா..." என்று நிறுத்தினாள். "எனக்கு வேலை வேணும்தான்கா. ஆனா என் கையில வேணாம்."

நான் எழுதிய ஒரு சொல்

சென்னைக்குத் திரும்பும் பேருந்தில் கோமதி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எஸ்தர் சொன்னதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். முதலில் சிரிக்கத்தான் செய்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது சொன்னாள்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்று ஆறு மாதம் முன்பே ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறாள். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, ஓடக்கூடாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டாள். எங்கள் இருவருக்குமே வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆட முடியாதவளை வைத்துக்கொள்வார்களா என்று எங்களுக்குத் தெரியாது. எனக்கு முழங்கால் போனபோது கருணை காட்டினார்கள். இரண்டாவது ஆளுக்கும் காட்டுவார்கள் என்று என்ன நிச்சயம்?

"நீ எதுவும் எழுதிடாத வசந்தி. ஆர்டர் வரட்டும். வந்ததும் நானே போய்க் காட்டிக்கிறேன்."

அன்றைக்குப் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எஸ்தர் ஏன் பிடிக்கவில்லை என்ற காரணத்தை எழுதினால் கோமதி மாட்டிக்கொள்வாள். காரணம் எழுதாமல் பரிந்துரைக்க எனக்கு அதிகாரம் இருந்தது. மாணிக்கம் சார் என் பேச்சைக் கேட்பார். இன்னொரு முறை பாருங்கள் சார் என்று ஒரு வரி போதும்.

நான் அந்த வரியை எழுதவில்லை. கோமதிக்காக என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டேன். இன்னொரு காரணமும் இருந்தது. அதை இத்தனை வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. எஸ்தர் தேர்வானால் எங்கள் விடுதிக்கு வருவாள். எங்கள் அறையில்தான் மூன்றாவது கட்டில் காலியாக இருந்தது. நான் தூங்கும்போது அவள் விழித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு படுத்திருப்பாள். ஒருநாள் காலையில் என் முகத்தைப் பார்த்து, ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்பாள்.

கடைசிக் கட்டத்தில், முக்கியமான நேரத்தில் துணிவு என்பதற்கு எதிரே, 'தயக்கம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கோமதி விழுந்த நாள்

கோமதிக்கு ஆர்டர் வந்தது. ஆனால் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. இந்தப் போட்டி முடியட்டும், அடுத்த போட்டி முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். நானும் கேட்பதை விட்டுவிட்டேன். கேட்காவிட்டாலும் அறையில் படுத்துக்கொண்டு அவளுடைய மூச்சை எண்ண ஆரம்பித்திருந்தேன். எனக்கு எல்லா மூச்சும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

அந்த வருடம் மழைக்காலத்தில் வெளிமாநிலத்தில் ஒரு போட்டி. அரையிறுதி. கோமதி பாடிப் போனாள், வலது கார்னர் தொடையைப் பிடித்தாள், மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். பாட்டு நின்றது. விசில் ஊதினார்கள். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். கோமதி எழவில்லை.

உதடு நீலமாக இருந்தது. நான்தான் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கண் திறக்கவில்லை.

அவள் பிழைத்துக்கொண்டாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலூருக்குக் கொண்டுவந்து வால்வைச் சரிசெய்தார்கள். இன்றைக்கும் எங்கள் அலுவலகத்தில் தபால் பிரிவில் இருக்கிறாள். ஓடமாட்டாள், மற்றபடி நன்றாக இருக்கிறாள். ஆட முடியவில்லை என்பதற்காக யாரும் அவளை வேலையைவிட்டுத் துரத்தவில்லை. நாங்கள் இருவரும் எதற்குப் பயந்தோமோ அது கடைசி வரை நடக்கவே இல்லை.

வேலூரில் படுத்திருந்தபோது ஒருநாள் கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அப்ப சொல்லிருந்தா உன்ன நான் ஜென்மத்துக்கும் மன்னிச்சிருக்கமாட்டேன்," என்றாள். "ஆனா அந்தப் பொண்ண போய்ப் பாரு."

சரி என்றேன். போவதற்கு எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று.

தையல் ஹால்

எஸ்தர் கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை என்று கிரேஸ் மேடம் சொன்னார். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருப்பதாக விலாசம் தந்தார். அப்போது எங்கள் நிறுவனத்தில் மறுபடி ஆள் எடுத்தார்கள். ஆடுவதற்கு இல்லை, அலுவலக உதவிக்கு. அந்த விண்ணப்பத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போக எனக்குத் துணிவில்லை.

சூப்பர்வைசர் என்னைத் தையல் ஹாலுக்குள் கூட்டிப் போனார். உள்ளே போனதும் காதை அடைத்தது. வரிசை வரிசையாக மெஷின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண் குனிந்து ஷூவின் மேல் தோலைத் தைத்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையின் மூலையில் எஸ்தர் இருந்தாள். சதை போட்டிருந்தாள். கழுத்தில் தாலி. என்னை அடையாளம் கண்டு சிரித்தாள். பக்கத்து மெஷின் பெண்ணின் தோளில் கையைப் போட்டு, எங்க ஊட்டுக்காரர் தங்கச்சி என்று கத்தினாள். அந்தப் பெண்ணும் அவள்மேல் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

"நான்தான் 'தயக்கம்'னு எழுதினேன்," என்றேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. காதைக் காட்டினாள். நான் மறுபடி சொன்னேன். மூன்றாவது முறை கத்த வேண்டியதாயிற்று. நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியும்கா," என்றாள் எஸ்தர். "கிரேஸ் மேடம் சொன்னாங்க."

கோமதி நலமாக இருக்கிறாள் என்றேன். தலையாட்டினாள். விண்ணப்பத்தை எடுத்து நீட்டினேன். படித்தாள். மடித்து என் கைப்பைக்குள் அவளே திரும்ப வைத்தாள். பிறகு என் காதருகில் வாயை வைத்துச் சொன்னாள்.

"ஆபீஸ்லாம் அமைதியா இருக்கும்கா. இங்க சத்தம் ஜாஸ்தி. யாருதும் கேக்காது."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. மெஷின்கள் முன்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக நிற்க ஆரம்பித்தன. சத்தம் எங்கள் பக்கமாகக் குறைந்துகொண்டே வந்தது. எஸ்தரின் மெஷின்தான் கடைசியாக நின்றது. அது நிற்பதற்குள்ளாகவே அவள் ஏதோ ஒரு ராகத்தை வாய்க்குள் பாடத் தொடங்கிவிட்டாள். வார்த்தை இல்லை. நாத்தனார் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தினமும் கேட்கிறவள் போலிருக்கிறது.

என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தாள். நீளமான நடைபாதை. எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. வழிநெடுகப் பாடிக்கொண்டே வந்தாள். பாடியபடியே கையால் பேசினாள், வாட்ச்மேன் மேசையைக் காட்டினாள், கையெழுத்துப் போடச் சொன்னாள்.

கதவுக்குப் பக்கத்தில் ஒருமுறை மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினாள். அந்த இடைவெளியில் தலை லேசாக வலது தோள் பக்கம் சாய, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு, முன்பைவிடச் சத்தமாகப் பாடத் தொடங்கினாள்.